இடிந்த கோயிலை எழுப்புதல்: மூன்று ஊர்கள், மூன்று வழிகள்

இடம்பெயர்ந்த மக்கள் ஊர் திரும்பும்போது அவர்கள் முன் எழும் முதற் கேள்விகளில் ஒன்று, உடைந்த வீட்டை முதலில் கட்டுவதா, உடைந்த கோயிலை முதலில் கட்டுவதா என்பதாகும். அதனோடு ஒட்டி வேறு கேள்விகளும் வரும். பழையபடியே கட்டுவதா, புதிதாகக் கட்டுவதா? இடிந்த சுவரைத் தள்ளிவிடுவதா, வைத்திருப்பதா? யார் கட்டுவது? யாருடைய காசில் கட்டுவது?

இக்கேள்விகள் எமக்கு மட்டும் உரியவை அல்ல. ஐரோப்பாவின் பெரிய ஆலயங்கள் பலவும் யுத்தத்தாலும் தீயாலும் அழிந்து, மீள எழுப்பப்பட்டவையே. அங்கும் கமக்காரரும் தொழிலாளரும் ஊரைவிட்டு ஓடினார்கள். கல்லும் சாம்பலுமாய்க் கிடந்த இடத்துக்குத் திரும்பி வந்தார்கள். அவ்வாறான மூன்று ஆலயங்களைப் பற்றி இக்கட்டுரையில் நோக்குவோம். பிரான்சிலுள்ள றெய்ம்ஸ் பேராலயம், இங்கிலாந்திலுள்ள கொவென்றி பேராலயம், பரிஸ் நகரின் நொத்ர டாம் பேராலயம் என்பனவே அவை. மூன்றும் 'கோதிக்' என்னும் கட்டட முறையைச் சேர்ந்தவை.

கோதிக் கட்டடம் எவ்வாறு நிற்கிறது?

கோதிக் முறை 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரிஸ் நகரை அண்டிய பகுதிகளில் தோன்றியது. அக்காலத்தில் அதற்கு இப்பெயர் இருக்கவில்லை. பல நூற்றாண்டுகளின் பின் இத்தாலிய அறிஞர்கள், இது நாகரிகமற்றவர்களின் வேலை என்னும் கருத்தில், 'கோத்' என்னும் பழைய இனத்தாரின் பெயரை இகழ்ச்சியாக இதற்கு இட்டனர். இகழ்ச்சிப் பெயரே நிலைத்துவிட்டது.

கிடுகு வீடு கட்டிய எவருக்கும் இம்முறையை விளங்கிக்கொள்வது கடினமல்ல. இரண்டு கைமரங்களை முகட்டிலே சேர்த்து நிறுத்தினால், அவை பாரத்தைக் கீழே இறக்குவதோடு நில்லாமல், கால்களை வெளியே தள்ளவும் பார்க்கும். அதனாலேதான் குறுக்கே வளை போட்டு இறுக்குகிறோம். இல்லையேல் சுவர் வெளியே சாய்ந்துவிடும். கல்லாலே வளைத்துக் கட்டிய கூரையும் இவ்வாறே சுவரை வெளியே தள்ளும். ஆனால் அதன் பாரமோ பல மடங்கு பெரியது. ஆகவே முந்திய காலத்துக் கட்டடக்காரர் சுவரை மிகத் தடிப்பாகக் கட்டி, யன்னல்களைச் சிறிதாக வைத்தனர். உள்ளே இருள் சூழ்ந்திருந்தது.

கோதிக் கட்டடக்காரர் மூன்று உபாயங்களை ஒன்றுசேர்த்தனர். முதலாவது, கூர்நுனி வளைவு. அரைவட்ட வளைவிலும் பார்க்க இது பாரத்தைச் செங்குத்தாக இறக்கும். பக்கவாட்டுத் தள்ளலும் குறையும். இரண்டாவது, கல் விலாக்கள். கூரையின் பாரத்தை இவை திரட்டி, தூண்களின் தலையிலே கொண்டுவந்து இறக்கும். மூன்றாவது, வெளி முட்டு. குலை தள்ளிய வாழைக்குத் தடியால் முட்டுக் கொடுப்பது போல, சுவருக்கு வெளியே சாய்வான கல் வளைவுகளை நிறுத்தி, எஞ்சிய தள்ளலை அவற்றின் மூலம் நிலத்துக்கு இறக்கினர். இதனால் சுவர் பாரம் சுமக்கும் வேலையிலிருந்து விடுபட்டது. சுவர் இருந்த இடத்திலே பெரிய நிறக் கண்ணாடி யன்னல்கள் வந்தன.

இன்னுமொன்றையும் கவனிக்க வேண்டும். இவ்வாலயங்களுக்குக் கூரைகள் இரண்டு உண்டு. உள்ளே இருந்து பார்க்கும்போது தெரிவது கல் வளைகூரை. அதற்கு மேலே, கண்ணுக்குத் தெரியாமல், மரச்சட்டகத்தின் மேல் ஈயத் தகடு அல்லது வேறு பொருள் வேய்ந்த கூரை இருக்கும். மரக்கூரை கல்லை மழையிலிருந்து காக்கும். மரக்கூரை எரிந்தால், கல் வளைகூரை கீழே உள்ளவற்றைத் தீயிலிருந்து காக்கும். ஒன்று போனால் மற்றதும் நெடுநாள் நிலைக்காது. ஏனெனில் திறந்து கிடக்கும் கல்லுக்குள் மழைநீர் இறங்கிச் சுண்ணாம்புச் சாந்தைக் கரைத்துவிடும்.

றெய்ம்ஸ்: வெளியே பழையது, உள்ளே புதியது

றெய்ம்ஸ் நகரம் பிரான்சின் திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஷாம்பேன் பகுதியிலே உள்ளது. இன்றுள்ள பேராலயம் 1211இல் தொடங்கப்பட்டது. பிரான்சிய அரசர்கள் முடிசூடிய ஆலயம் இதுவே. 2,300க்கு மேற்பட்ட சிலைகள் அதிலே உண்டு.

முதலாம் உலக யுத்தத்தில் இந்நகரம் போர்முனையிலேயே அகப்பட்டது. 1914ஆம் ஆண்டு செப்ரெம்பர் 19ஆம் திகதி ஜேர்மன் படையினரின் எறிகணைகள் பேராலயத்தின் மேல் விழுந்தன. கோபுரத்தில் எதிரியின் நோக்கர்கள் இருந்தார்கள் என்று ஒரு தரப்பு சொன்னது. மற்றத் தரப்பு அதை மறுத்தது. திருத்த வேலைக்காக வடக்குக் கோபுரத்தைச் சுற்றி மரச்சாரம் கட்டியிருந்தது. தீ அதிலே பற்றிக் கூரைக்குத் தாவியது. உள்ளே காயப்பட்ட ஜேர்மன் கைதிகளுக்காக வைக்கோல் பரப்பப்பட்டிருந்தது, அதுவும் எரிந்தது. கூரை ஈயம் உருகி, மழைநீர் வடியும் கல்வாய்கள் வழியாக ஒழுகியது. வாசலில் நின்ற 'புன்னகைக்கும் சம்மனசு' எனப்படும் சிலையின் தலை அறுந்து விழுந்து உடைந்தது. அதன் பின்பும் எறிகணைகள் ஓயவில்லை. யுத்தம் முடியும்வரை சுமார் 300 எறிகணைகள் பேராலயத்தைத் தாக்கின.

மக்களின் நிலை என்ன? பலர் ஓடினர். எஞ்சியோர், நிலத்துக்கு அடியிலே சுண்ணக்கல்லைக் குடைந்து அமைத்திருந்த பழைய நிலவறைகளுக்குள் வாழ்ந்தனர். அங்கேயே பாடசாலை நடந்தது, பூசையும் நடந்தது. 1914ஆம் ஆண்டு அறுவடையின்போது, எறிகணை விழுந்துகொண்டிருந்த தோட்டங்களிலே பெண்களும் சிறுவரும் திராட்சை பறித்தார்கள். 1918 மார்ச்சில் எஞ்சியிருந்த பொதுமக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். யுத்தம் முடிந்து திரும்பியபோது நகரத்தின் பெரும்பகுதி இடிபாடாகக் கிடந்தது.

பேராலயத்தைத் திருத்தும் பொறுப்பு ஹென்றி தெனோ என்னும் கட்டடக்கலைஞரிடம் கொடுக்கப்பட்டது. அவர் அதே ஊரிலே பிறந்தவர். 1919இல் தொடங்கி ஏறக்குறைய 20 ஆண்டுகள் அவர் இப்பணியில் ஈடுபட்டார். கூரைக்குப் பழையபடி பெரிய ஓக் மரங்களைத் தேடுவதா என்பது அவர் முன் நின்ற கேள்வி. அத்தனை மரங்களுக்கு அப்போது பெரும் செலவாகும். மரம் மீண்டும் எரியவும் கூடும். ஆகவே இரும்புக்கம்பி வைத்த கொங்கிறீற்றினால் சிறு சிறு துண்டுகளை வார்த்தெடுத்து, தச்சர் மரத்தைப் பொருத்துவது போல ஆப்பு வைத்துப் பொருத்தினார். சிறிய பலகைகளை இணைத்துப் பெரிய கூரை அமைக்கும் வழியை 16ஆம் நூற்றாண்டிலே பிலிபேர் தெலோர்ம் என்னும் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் எழுதி வைத்திருந்தார். தெனோ அதனையே புதிய பொருளில் செய்து பார்த்தார். ஆலயத்தின் வெளித்தோற்றம் மாறவில்லை. மறைந்திருக்கும் கூரை மட்டும் புதியது.

'புன்னகைக்கும் சம்மனசின்' உடைந்த துண்டுகள் பொறுக்கிப் பாதுகாக்கப்பட்டிருந்தன. யுத்தத்துக்கு முன் அச்சிலையிலிருந்து எடுத்த சுண்ணச்சாந்து வார்ப்பு ஒன்றும் பரிஸ் நூதனசாலையில் இருந்தது. இரண்டையும் வைத்துத் தலையைத் திருத்தி, 1926இல் மீண்டும் பொருத்தினர். ஆலயத்தின் நடுப்பகுதி 1927இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. முழு ஆலயமும் 1938 யூலையில் திறக்கப்பட்டது. பணம் அரசிடமிருந்தும், அமெரிக்கச் செல்வந்தர் இளைய ஜோன் ரொக்கபெல்லரிடமிருந்தும் வந்தது.

1962 யூலை 8ஆம் திகதி பிரான்சின் ஜனாதிபதி டு கோலும் ஜேர்மனியின் பிரதமர் அடினோவரும் இதே ஆலயத்திலே ஒன்றாகப் பூசை கண்டார்கள். இழந்த யன்னல்கள் சிலவற்றுக்குப் பதிலாக 2011இலும் 2015இலும் பொருத்தப்பட்ட நிறக் கண்ணாடிகளை வரைந்தவர் இமி க்னோபெல் என்னும் ஜேர்மன் ஓவியர். உடைத்த நாட்டவர் ஒருவரின் கையே ஒளி வரும் வாசலையும் திருத்தியது. இந்நிலைக்கு வர சுமார் 100 ஆண்டுகள் சென்றன என்பதையும் மறத்தலாகாது.

கொவென்றி: இடிபாட்டை இடிபாடாகவே வைத்தவர்கள்

இங்கிலாந்தின் கொவென்றி நகரிலுள்ள புனித மிக்கேல் ஆலயம் அங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தது. 1940 நவம்பர் 14ஆம் திகதி இரவு ஜேர்மன் விமானங்கள் நகரத்தின் மேல் குண்டு போட்டன. 500க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆலயத்தின் கூரை முற்றாக எரிந்து விழ, வெளிச்சுவர்களும் கோபுரமும் மட்டும் நின்றன.

மறுநாட் காலையிலேயே ஆலயத்தை மீள எழுப்புவதென முடிவு செய்தனர். எரிந்த இரண்டு தீராந்திகள் சிலுவை வடிவில் விழுந்து கிடந்ததைக் கண்ட ஆலயத்துக் கற்றச்சர் அவற்றை அப்படியே சேர்த்துக் கட்டி நிறுத்தினார். கூரையிலிருந்து விழுந்த பழைய ஆணிகளைக் கொண்டு வேறொரு சிலுவை செய்யப்பட்டது. அவ்வருட நத்தார் நாளில், ஆலயத் தலைவர் றிச்சார்ட் ஹவார்ட் இடிபாட்டிலிருந்து வானொலியிலே பேசி, பழிவாங்கும் எண்ணத்தை அகற்றும்படி கேட்டார். குண்டுவீச்சு இன்னும் நடந்துகொண்டிருந்த நாள்கள் அவை.

பின்பு நடந்த போட்டியில் பசில் ஸ்பென்ஸ் என்னும் கட்டடக்கலைஞரின் வரைபடம் தெரிவானது. அவர் பழைய ஆலயத்தைத் திருப்பிக் கட்டவில்லை. இடித்துத் தள்ளவும் இல்லை. கூரையற்ற சுவர்களை அப்படியே பேணி, அதன் அருகிலே அதே செந்நிறக் கல்லினால் புதிய ஆலயத்தைக் கட்டினார். 1962 மே 25ஆம் திகதி அது அபிஷேகம் செய்யப்பட்டது. இன்று அங்கு செல்வோர் இடிபாட்டின் வழியே நடந்து புதிய ஆலயத்துக்குள் போகிறார்கள்.

1961இல் ஜேர்மன் இளைஞர்கள் கொவென்றிக்கு வந்து வேலை செய்தார்கள். 1965இல் கொவென்றியிலிருந்து இளைஞர்கள் ஜேர்மனியின் திறெஸ்டன் நகருக்குச் சென்றார்கள். 1945இல் பிரித்தானிய, அமெரிக்க விமானங்களால் அழிக்கப்பட்ட நகரம் அது. அங்கே அவர்கள் திருத்த உதவியது ஓர் ஆஸ்பத்திரியை.

நொத்ர டாம்: பழையது பழையபடியே

பரிஸ் நகரின் நொத்ர டாம் பேராலயம் 1163 அளவில் தொடங்கப்பட்டது. காலப்போக்கில் சிதைந்திருந்த இதனை 19ஆம் நூற்றாண்டில் வியொலே-லெ-துயிக் என்னும் கட்டடக்கலைஞர் திருத்தினார். 1859இல் புதிய கூர்ங்கோபுரம் ஒன்றையும் அவர் எழுப்பினார். 2019 ஏப்ரல் 15ஆம் திகதி மாலை இவ்வாலயத்தின் கூரையிலே தீ மூண்டது. திருத்த வேலை நடந்துகொண்டிருந்த வேளை அது. பழைய ஓக் மரச்சட்டகம் முழுவதும் எரிந்தது, கூர்ங்கோபுரம் விழுந்தது, கல் வளைகூரையில் சில இடங்களிலே பெரிய துவாரங்கள் ஏற்பட்டன. எனினும் வளைகூரையின் பெரும்பகுதியும் சுவர்களும் தப்பின. உயிரிழப்பு இல்லை.

முதல் இரண்டு ஆண்டுகளும் கட்டும் வேலை நடக்கவில்லை. விழாமற் காக்கும் வேலையே நடந்தது. வெளி முட்டுகளுக்கு மரத்தால் தாங்கு கொடுத்தனர். தீயில் உருகி ஒட்டிக்கொண்ட இரும்புச் சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி இறக்கினர். ஈயத் தூசு நஞ்சு என்பதால் 2019 கோடையில் வேலையைச் சில வாரங்கள் நிறுத்தி, தொழிலாளரின் பாதுகாப்பை ஒழுங்கு செய்த பின்பே தொடர்ந்தனர். விழுந்த கல்லையும் கரியான மரத்தையும் வண்டியில் ஏற்றிக் கொட்டிவிடாமல், ஒவ்வொன்றாக எடுத்து, இலக்கமிட்டு வைத்தார்கள்.

பழைய மரச்சட்டகத்தைத் திரும்பச் செய்ய முடிந்தது எவ்வாறு? 2014இலேயே இரண்டு கட்டடக்கலைஞர்கள் அச்சட்டகத்தை அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். அந்த வரைபடம் இல்லையேல் எரிந்தது எரிந்ததுதான். சுமார் 2,000 ஓக் மரங்கள் வெட்டப்பட்டன. பழைய பகுதிகளுக்குரிய தீராந்திகளைத் தச்சர்கள் பச்சை மரத்திலேயே கோடரியால் செதுக்கினார்கள். இத்தொழிலை அறிந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? பிரான்சின் கெதெலோன் என்னுமிடத்தில் 1997 தொடக்கம், 13ஆம் நூற்றாண்டு முறையில், பழைய கருவிகளைக் கொண்டே ஒரு கோட்டை கட்டப்பட்டு வருகிறது. வேடிக்கை வேலை என்று பலர் எண்ணியிருக்கக்கூடும். அங்கே கைப்பழகிய தச்சர்கள் பலர் நொத்ர டாமுக்குத் தேவைப்பட்டார்கள்.

2024 டிசம்பர் 7ஆம் திகதி ஆலயக் கதவுகள் திறக்கப்பட்டன. மறுநாள் புதிய பீடம் அபிஷேகம் செய்யப்பட்டது. சுமார் 3,40,000 பேர் கொடுத்த 80 கோடி யூரோவுக்கு மேற்பட்ட பணத்தில் இப்பணி நிறைவேறியது.

வீடா, கோயிலா?

நொத்ர டாம் எரிந்த சில நாள்களுக்குள்ளேயே கோடிக்கணக்கான பணம் வாக்களிக்கப்பட்டபோது, பிரான்சின் ஏழைகள் மத்தியில் ஒரு குரல் எழுந்தது. கல்லுக்கு இவ்வளவு விரைவாகக் காசு வருமானால் மனிதருக்கு ஏன் வரவில்லை என்பதே அக்குரல். இதனை விசுவாசமற்றோரின் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. பரிசுத்த வேதாகமத்திலேயே இவ்விவாதம் உண்டு. ஆகாய் இறைவாக்கினர், மக்கள் மச்சுப்பாவிய வீடுகளில் இருக்க ஆண்டவரின் ஆலயம் பாழாய்க் கிடக்கிறதே என்று கண்டித்தார். ஆனால் அவர் கண்டித்தது நல்ல வீடு உடையவர்களையே. தறப்பாளின் கீழ் இருப்பவர்களுக்கு அவ்வசனத்தை வாசித்துக் காட்டிக் காசு கேட்பது நீதியாகாது.

றெய்ம்ஸ் மக்கள் இக்கேள்விக்கு ஒரு விடை கண்டார்கள். பேராலயத்துக்குச் சாரம் கட்டிய அதே காலத்தில், கத்தோலிக்கத் தொழிலதிபரான ஜோர்ஜ் சார்பொன்னோ நிறுவிய சங்கம் தொழிலாளர் குடும்பங்களுக்காக 'பச்சை வழி' என்னும் குடியிருப்பை அமைத்தது. அதில் 600க்கு மேற்பட்ட வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தோட்டம். அவர்கள் நடுவே ஒரு கோயில். இவை 1920களின் முற்பகுதியிலேயே எழுந்துவிட்டன. பேராலயம் முழுமையாகத் திறந்தது 1938இல். வீடுகளே முந்தின.

கிராமங்களிலோ, 1919 ஏப்ரலில் இயற்றப்பட்ட சட்டம் யுத்தத்தால் உடைமை இழந்தோருக்கு நட்டஈடு பெறும் உரிமையை அளித்தது. தனித்தனியே போனால் ஏழைக்குக் கடைசியிலேயே கிடைக்கும் என்பதை அறிந்த ஊரவர், மீள்கட்டுமானக் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்தனர். ஒரே கட்டடக்கலைஞர், ஒரே ஒப்பந்தம், பொதுவான கணக்கு என ஊருக்கு ஊர் வேலை நடந்தது. நெகேமியா நூலின் 3ஆம் அதிகாரத்தை வாசித்தால், எருசலேம் மதிலைக் கட்டியபோது பலரும் தத்தம் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைத் திருத்தினார்கள் என்று காண்போம். வீடும் பொது வேலையும் அங்கே ஒன்றுக்கொன்று எதிரியாக இருக்கவில்லை.

எமக்கு உதவும் பாடங்கள்

பெரிய பேராலயங்களின் வேலை முறையிலே சிறிய ஊர்க் கோயிலுக்கும் உடைந்த வீட்டுக்கும் பொருந்துபவை சில உண்டு.

1. கைவைக்குமுன் நிலம் பாதுகாப்பானதா என்று பாருங்கள். முதலாம் உலக யுத்தம் முடிந்து 100 ஆண்டுகள் கடந்தும், பிரான்சியக் கமக்காரரின் கலப்பையில் எறிகணைகள் அகப்படுகின்றன. இடிபாட்டுக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் வெடிபொருள் கிடக்கலாம். கண்டால் தொடாமல், அடையாளமிட்டு, கண்ணிவெடி அகற்றுவோருக்கோ பொலிசாருக்கோ கிராம சேவையாளர் மூலம் அறிவியுங்கள்.

2. கட்டுவதற்கு முன் காப்பாற்றுங்கள். சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுங்கள். சுவரின் தலைப்பை மழை படாமல் மூடுங்கள். வெடிப்பில் முளைத்த ஆலையும் அரசையும் சிறிதாக இருக்கும்போதே அகற்றுங்கள். பெரிய வேரைப் பிடுங்கி இழுத்தால் சுவரும் கூட வரும். வெட்டி, காய விட்டுப் பின்பு எடுக்க வேண்டும்.

3. தூசு நஞ்சாகலாம். உடைந்த அஸ்பெஸ்ரஸ் தகடுகளை அடித்து நொறுக்க வேண்டாம். நீர் தெளித்து ஈரமாக்கி, முழுத் தகடாகவே இறக்குங்கள். சிறுவரைத் தூர வையுங்கள்.

4. உடைந்ததை எறியுமுன் தெரிந்தெடுங்கள். நிலை, கதவு, ஓடு, கல், மணி, சுரூபத் துண்டு யாவும் ஒரு மூலையிலே வகை பிரித்து இருக்கட்டும்.

5. இருப்பதை அளந்து வரையுங்கள். பழைய திருமணப் படங்களிலும் முதல்நன்மைப் படங்களிலும் பின்னாலே கோயில் நிற்கும். அவற்றைச் சேகரியுங்கள். முதியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். வீட்டுக்கும் காணிக்கும் இது பொருந்தும். அளவும் படமும் உறுதியும் வைத்திருப்பவரின் கோரிக்கையைத் தட்டிவிடுவது கடினம்.

6. பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சீமெந்து பூசுமுன் யோசியுங்கள். எமது பழைய கோயில்களும் வீடுகளும் பல, சுண்ணக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுந்தவை. அச்சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். கடினமான சீமெந்துப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவிடும்; உள்ளிருக்கும் கல் உதிரத் தொடங்கும். கல்லுக்குள் செருகிய இரும்பும் கறள் பிடித்துப் பருத்துக் கல்லைப் பிளக்கும். ஐரோப்பிய ஆலயங்களில் முன்னைய திருத்த வேலைகள் இவ்விரண்டாலும் கேடு விளைத்த இடங்கள் பல. சுண்ணாம்பு நீற்றவும் சாந்து குழைக்கவும் தெரிந்த மேசன் ஊரில் இருந்தால், அவரோடு இரண்டு இளைஞரைச் சேர்த்து விடுங்கள்.

7. கணக்கைப் பகிரங்கமாக வையுங்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது என்பதைக் கோயில் வாசலிலே எழுதி ஒட்டுங்கள்.

எந்த வழி நல்ல வழி என்று ஒரே விடை கூற நாம் முற்படவில்லை. பழையபடி கட்டலாம், வெளியே பழையதும் உள்ளே புதியதுமாய்க் கட்டலாம், இடிந்ததை நினைவாக வைத்து அருகிலே புதிதாய்க் கட்டலாம். ஊர் திரும்பியோரும், இன்னும் தம் காணிக்குப் போக வழி திறவாதோரும், கூடியிருந்து பேசித் தீர்மானிக்க வேண்டியது அது. வெளியூர்க் கொடையாளர் விரும்புகிறார் என்பதற்காகவோ, பங்குக் குரு அவசரப்படுகிறார் என்பதற்காகவோ தீர்மானிக்க வேண்டியதல்ல.

அதுவரை கிடுகுக் கொட்டிலிலே பூசை நடக்கட்டும். றெய்ம்ஸ் மக்கள் நிலவறைக்குள் பூசை கண்டவர்கள். அதனால் அவர்களுடைய விசுவாசம் குறையவில்லை. பிள்ளைகள் நனையாமல் படுக்க ஒரு கூரை, கிணற்றிலே நல்ல தண்ணீர், விதைப்புக்கு நெல் என்பன முதலில் அமையட்டும். கோயிலின் கற்கள் மழை படாமல் மூடிக் காத்திருக்கட்டும்.